வீட்டுத் தண்ணீரையும் கரண்டையும் அளந்து குறைப்பது எப்படி: ராத்திரி மீட்டரிலிருந்து ஆரம்பியுங்கள்

எங்கள் வீட்டில் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு வருடத்துக்கு மேல் தெரியாமலேயே இருந்தோம். பல் தேய்க்கும்போது குழாயை மூடினோம், குளிக்கும் நேரத்தைக் குறைத்தோம், பிள்ளைகளைப் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம், மீட்டர் மட்டும் குறையவே இல்லை. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மீட்டர் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன். காலை ஐந்தரைக்கு, யாரும் குழாயைத் தொடுவதற்கு முன்னால் போய்ப் பார்த்தால் 41 லிட்டர் ஓடியிருந்தது. கழிவறை ஃப்ளஷ் டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்து, சத்தமே இல்லாமல், பீங்கானில் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கணக்குப் போட்டால் நாளுக்கு சுமார் 150 லிட்டர். நாங்கள் பல் தேய்ப்பதில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட ஒரே விஷயம்: வீட்டில் நம் கண்ணில் படுகிற செலவு பெரும்பாலும் சின்னது, கண்ணில் படாததுதான் பெரியது. எரியும் பல்பு கண்ணில் படும். சுடுதண்ணீருக்குள் போய் உட்கார்ந்திருக்கும் கரண்ட் கண்ணில் படாது. அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால், எதையும் வாங்குவதற்கு முன்னால், முதலில் அளக்க வேண்டும். கீழே இருப்பது நான் செய்த வரிசை. அவசரப்பட்டு நடுவில் தாண்டாதீர்கள், முதல் மூன்று படிகள்தான் மீதி எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

படி 1: இரண்டு வாரம் வெறுமனே எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, இரண்டையும் மீட்டருக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்க விடுங்கள். போனில் எழுதலாம்தான், ஆனால் வீட்டில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருந்தால் அதற்கு வேறு பலன் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் கரண்ட் மீட்டர் எண், தண்ணீர் மீட்டர் எண், அப்புறம் ஒரு குறிப்பு. இந்தக் குறிப்புப் பத்தியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "விருந்தாளி இரண்டு பேர்", "துணி இரண்டு முறை துவைத்தோம்", "வெயில் கடுமை", "எல்லாரும் வெளியூர்" என்று நாலு வார்த்தை போதும். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் மட்டும் ஏன் எண் எகிறியது என்று பார்க்கும்போது இந்த நாலு வார்த்தை இல்லையென்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இந்த இரண்டு வாரத்தில் எதையும் குறைக்க முயற்சி செய்யாதீர்கள். எப்போதும் போல வாழுங்கள். அளக்கிறோம் என்று தெரிந்தாலே கை தானாகச் சுருங்கும், அதையும் கொஞ்சம் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய பில்கள் ஒரு வருடத்துக்கு இருந்தால் அவற்றிலிருந்து மாத வாரியாக எண்களை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஏனென்றால் இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடுவது பெரும்பாலும் தப்பு, வெயிலும் குளிரும் மாறியிருக்கும். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுவதுதான் ஓரளவுக்கு நியாயம்.

மீட்டர் படிக்கத் தெரியாது என்று தயங்க வேண்டாம். கரண்ட் மீட்டர் காட்டுவது யூனிட். 1000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அவ்வளவுதான். தண்ணீர் மீட்டரில் கறுப்பு எண்கள் பொதுவாகக் கன மீட்டர், அதாவது ஒவ்வொன்றும் 1000 லிட்டர். சிவப்பு எண்களும் சிவப்பு முள்ளும் அதற்குக் கீழே உள்ள லிட்டர் கணக்கு. பல மீட்டர்களில் நடுவில் ஒரு சின்ன நட்சத்திரமோ முக்கோணமோ சுற்றும். அதை மறந்துவிடாதீர்கள், அடுத்த படியில் அதுதான் முக்கியம்.

தண்ணீர் மீட்டரே இல்லாத வீடா? தொட்டியே உங்கள் மீட்டர். உருளைத் தொட்டியாக இருந்தால் உள் விட்டத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால், நீர் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் எத்தனை லிட்டர் என்று வரும். 100 சென்டிமீட்டர் விட்டம் என்றால் 7.85 லிட்டர். சதுரத் தொட்டி இன்னும் சுலபம்: 150-க்கு 120 சென்டிமீட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது 18 லிட்டர். மோட்டார் போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு குச்சியை விட்டு மட்டத்தைக் குறித்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. மோட்டார் ஓடும்போதும் கீழே தண்ணீர் செலவாகும் என்பதால் யாரும் குழாயைத் திறக்காத நேரமாகப் பார்த்து மோட்டார் போடுங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் ஒரு நாளின் சராசரியை வீட்டில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க என்று ஒருவருக்கு நாளுக்கு 50 முதல் 100 லிட்டர் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2018-ல் கேப் டவுன் நகரத்தின் அணைகள் வற்றிப்போகும் நிலைக்கு வந்தபோது அங்கே ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தினார்கள். உங்கள் எண் 250 என்று வந்தால் பதற வேண்டாம், ஆனால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

படி 2: வீடு தூங்கும்போது தண்ணீரைப் பாருங்கள்

இரவு எல்லாரும் படுத்த பிறகு ஒரு எண், விடியற்காலை முதல் ஆள் எழுந்ததும் ஒரு எண். இரவில் யாராவது கழிவறைக்குப் போனால் ஒரு தாளில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், அந்த அளவைக் கழித்துக்கொள்ளலாம். மீதி எவ்வளவு வந்தாலும் அது ஒழுகல். பகலில் அவசரமாகச் சோதிக்க வேண்டுமென்றால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நான் மேலே சொன்ன அந்தச் சின்ன நட்சத்திரத்தைப் பாருங்கள், மெல்ல நகர்ந்தால்கூட எங்கோ போகிறது என்று அர்த்தம். மேல் தொட்டி இருக்கிற வீட்டில் ஒரு எச்சரிக்கை: தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தாலும் மீட்டர் சுற்றும், அதனால் தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டுப் பாருங்கள். அப்போது மீட்டர் சுற்றினால் ஒழுகல் மீட்டருக்கும் தொட்டிக்கும் நடுவில். மீட்டர் நின்று தொட்டி மட்டம் மட்டும் இறங்கினால் ஒழுகல் வீட்டுக்குள்.

வீட்டுக்குள் என்றால் முதல் சந்தேகம் எப்போதும் ஃப்ளஷ் டேங்க். அதன் மூடியைத் திறந்து உள்ளே கொஞ்சம் வண்ணத் தூளோ சாயமோ கலந்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். பீங்கானில் நிறம் வந்துவிட்டால் பெரும்பாலும் அடி ரப்பர் போய்விட்டது. ஆனால் டேங்கில் நீர் மட்டம் வழிந்தோடும் குழாயின் விளிம்பு வரை ஏறி நிற்கிறது என்றால் மிதவை சரியாக அடைக்காமல் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகப் போகிறது, மிதவையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டுமா? டேங்குக்கு வரும் வால்வை மூடிவிட்டு, உள்சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ரப்பர் மாற்றுவது கால் மணி நேர வேலை, பழைய ரப்பரைக் கையோடு கொண்டுபோனால் கடையில் அதே அளவு எடுத்துக் கொடுப்பார்கள்.

சொட்டும் குழாய்க்கு யாரோ சொன்ன எண்ணை நம்பாதீர்கள், சொட்டின் அளவு குழாய்க்குக் குழாய் மாறும். ஒரு டம்ளரைப் பத்து நிமிடம் அடியில் வைத்து, சேர்ந்ததை 144-ஆல் பெருக்குங்கள், அதுதான் ஒரு நாள் கணக்கு. 50 மில்லி சேர்ந்தால் நாளுக்கு 7.2 லிட்டர், வருடத்துக்கு 2600 லிட்டருக்கு மேல். ஒரு சின்ன வாஷருக்காக.

சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ போகும் குழாயில் ஒழுகல் என்று தோன்றினால் இடிக்க ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொரு அறைக்கும் போகும் வால்வை ஒவ்வொன்றாக மூடி, எதை மூடும்போது மட்டம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பிளம்பரைக் கூப்பிடுங்கள். எந்த அறை என்று நீங்கள் சொல்லிவிட்டால் அவர் வேலை பாதியாகக் குறையும்.

படி 3: வீடு தூங்கும்போது கரண்டைப் பாருங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி, ஏனென்றால் இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். இப்போதைய கரண்ட் மீட்டர்களில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். மீட்டரின் முகப்பில் 3200, 1600, 1000 இப்படி ஒரு எண் போட்டிருக்கும், ஒரு யூனிட்டுக்கு அந்த விளக்கு எத்தனை முறை மின்னும் என்பதுதான் அது. 3200 போட்ட மீட்டர் என்றால் ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே எத்தனை விநாடி என்று பார்த்து, 1125-ஐ அந்த விநாடியால் வகுங்கள். வருவது இந்த நிமிடம் உங்கள் வீடு இழுக்கும் வாட். 1600 என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும், 1000 என்றால் 3600-ஐ. ஒன்பது விநாடிக்கு ஒரு மின்னல், 3200 மீட்டர் என்றால் 125 வாட்.

சரி, இரவு விளக்கு, மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு இதைப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் விட்டு விட்டு ஓடும் என்பதால் அதன் கம்ப்ரஸர் ஓடாத நேரத்தில் ஒரு முறையும் ஓடும்போது ஒரு முறையும் எண்ணுங்கள். இந்த அடித்தளச் செலவை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாட்டும் வருடத்துக்கு 8.76 யூனிட். 125 வாட் என்றால் நாளுக்கு மூன்று யூனிட், வருடத்துக்கு சுமார் 1100 யூனிட், அதுவும் யாரும் எதையும் பயன்படுத்தாத நேரத்தில்.

அடுத்து எம்சிபி பெட்டியை, அதாவது வீட்டின் ஒவ்வொரு இணைப்பையும் தனியாக அணைக்கும் சுவிட்சுகள் இருக்கும் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சுவிட்சாக இறக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் மின்னல் எவ்வளவு மெதுவாகிறது என்று எழுதுங்கள். எது எந்த அறை என்று ஒட்டுச்சீட்டும் எழுதி ஒட்டிவிடுங்கள், பிறகு எப்போதும் உதவும். எல்லாப் பொருளின் சுவிட்சையும் அணைத்த பிறகும் எண் கணிசமாக ஓடுகிறது என்றால் ஒயரிங்கில் கசிவு இருக்கலாம், அல்லது உங்கள் இணைப்பிலிருந்து வேறு எங்கோ ஒரு கம்பி போகலாம். அதை நீங்களே திறந்து பார்க்க வேண்டாம், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கசியும் கரண்ட் பில்லை மட்டும் ஏற்றுவதில்லை, ஆளையும் தாக்கும். இன்னொரு விஷயம், சுமையே இல்லாதபோது சில மீட்டர்களில் அந்த விளக்கு மின்னாமல் தொடர்ந்து எரியும், அது பழுது இல்லை.

அடித்தளத்தில் வழக்கமாகப் பிடிபடுபவை: டிவியோடு சேர்ந்த செட்டாப் பெட்டி, அணைக்காமல் விட்ட கம்ப்யூட்டர், எப்போதும் சூடாக வைத்திருக்கும் தண்ணீர் கொதிகலன், இரண்டாவதாக வைத்திருக்கும் பழைய ஃப்ரிட்ஜ். போன் சார்ஜரைப் பிடுங்கிவைப்பதில் நேரம் செலவழிக்க வேண்டாம். இப்போதைய சார்ஜர் சும்மா இருக்கும்போது இழுப்பது 0.1, 0.2 வாட்தான், வருடம் முழுக்க வைத்தாலும் இரண்டு யூனிட் தாண்டாது. செட்டாப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் அது கரண்டைச் சூடாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவற்றை எல்லாம் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகி, ஒரே சுவிட்சில் அணைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. தனித்தனியாக அணைக்க வேண்டும் என்றால் மூன்றாம் நாளே நின்றுபோகும்.

படி 4: பொருள் பொருளாகக் கணக்கு

பிளக்கில் செருகி அதன் மேல் பொருளைச் செருகும் சின்ன மீட்டர் கிடைக்கிறது, ஒன்றை வாங்கி அக்கம்பக்கத்தில் பகிர்ந்துகொண்டால் போதும். அதன் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவைத் தாண்டும் பொருளை அதில் போடாதீர்கள். கம்பியைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் கவனிக்க: அது காட்டுவது ஆம்பியர், மோட்டார் உள்ள பொருட்களில் ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வருவது உண்மையான வாட்டைவிட அதிகமாக இருக்கும்.

ஃப்ரிட்ஜை ஒரு நிமிடம் அளந்து பயனில்லை, குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். வாஷிங் மெஷினை ஒரு முழுச் சுற்றுக்கு அளங்கள், சுடுதண்ணீரில் ஒரு முறை, பச்சைத் தண்ணீரில் ஒரு முறை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் அடுத்து சொல்லப்போவது தானாகப் புரிந்துவிடும்.

தண்ணீருக்கும் இதே மாதிரி: ஒரு வாளி, ஒரு கடிகாரம். ஒவ்வொரு குழாயையும் ஷவரையும் நீங்கள் வழக்கமாகத் திறக்கும் அளவுக்குத் திறந்து, பத்து லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். அறுபது விநாடி என்றால் நிமிடத்துக்கு பத்து லிட்டர். எட்டு நிமிடக் குளியல் என்றால் 80 லிட்டர்.

படி 5: சூடு, அதுதான் பெரிய செலவு

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும் (1000 வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட்). இது இயற்பியல், எந்தக் கம்பெனி கீசர் வாங்கினாலும் மாறாது. இருபது லிட்டர் வாளியை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 350 வாட்-மணி, அதாவது மூன்றில் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று 38 மணி நேரத்துக்கும் மேல் எரிந்தால் ஆகும் செலவு அது. இந்த ஒரு ஒப்பீடு மனதில் பதிந்துவிட்டால் வீட்டில் எதன் பின்னால் ஓட வேண்டும் என்பதில் குழப்பமே வராது. பல்பை அணையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பல்பை அணைத்துவிட்டதால் கடமை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

தண்ணீரும் கரண்டும் ஒன்றாகக் குறைவதும் இங்கேதான். மேலே சொன்ன 80 லிட்டர் குளியலுக்கு அதே 15 டிகிரி ஏற்றத்தில் 1.4 யூனிட். ஷவர் முனையை மாற்றி நிமிடத்துக்கு ஆறு லிட்டராக்கினால் அதே எட்டு நிமிடத்தில் 48 லிட்டர், 0.84 யூனிட். நாலு பேர் தினமும் குளித்தால் நாளுக்கு 128 லிட்டரும் இரண்டு யூனிட்டுக்கு மேலும் மிச்சம், யாரும் குளியலை ஒரு நிமிடம்கூடக் குறைக்காமலே. எங்கள் வீட்டில் ஃப்ளஷ் ரப்பருக்கு அடுத்தபடியாக அதிகம் குறைத்தது இந்த ஷவர் முனைதான், நல்லதாகப் பார்த்து வாங்குங்கள், மட்டமானது வாங்கினால் சோப்பு போகாமல் கூடுதல் நேரம் நிற்பீர்கள்.

தண்ணீரைச் சேமித்துச் சூடாக்கும் வகைக் கீசராக இருந்தால் ஒரு நாள் யாரும் சுடுதண்ணீர் எடுக்காமல் 24 மணி நேரம் போட்டுவைத்து அளந்து பாருங்கள். அதன் சுவர் வழியாகவே எவ்வளவு சூடு வீணாகிறது என்று தெரியும். குளிப்பதற்கு முன் போட்டு, குளித்ததும் அணைப்பது நல்லது, மறக்கிற வீடாக இருந்தால் ஒரு டைமர் போடலாம். ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று எந்நேரமும் போட்டே வைத்திருக்கும் கொதிகலனின் வெப்பத்தை 45, 50 டிகிரிக்குக் குறைத்து வைக்காதீர்கள். லீஜியனெல்லா என்ற நோய்க்கிருமி வெதுவெதுப்பான தண்ணீரில்தான் வளரும், 60 டிகிரியில் வைப்பது அதற்காகத்தான். அதே 60 டிகிரி சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள், குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் பச்சைத் தண்ணீரைத் திறந்த பிறகுதான் சுடுதண்ணீரைத் திறக்க வேண்டும்.

வாஷிங் மெஷினில் சுடுதண்ணீர்ச் சுற்றில் போகும் கரண்டின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கத்தான், துணியைச் சுற்ற இல்லை. அன்றாடத் துணிக்குப் பச்சைத் தண்ணீர் போதும், நோயாளியின் துணிக்கும் படுக்கை விரிப்புக்கும் சூடு வைத்துக்கொள்ளுங்கள். சமையலில் மூடி போட்டுக் கொதிக்க வைப்பது, கொதி வந்ததும் தணலைக் குறைப்பது. கொதித்த தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டப் போவதில்லை, தணல் அதிகம் வைத்தால் ஆவிதான் அதிகம் வரும்.

படி 6: குளிர்ச்சியும் காற்றும்

ஏசி இருக்கிற வீட்டில் வெயில் காலத்தில் அதுதான் முதல் இடம். உள்ளே வரும் சூட்டில் சுவர், கண்ணாடி வழியாக வருவது வெளி வெப்பத்துக்கும் உள் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 34, உள்ளே 24 என்றால் வித்தியாசம் பத்து. உள்ளே 26 ஆக்கினால் எட்டு, அந்த வழியில் வரும் சூடு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கூடவே மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் 26 டிகிரி உடம்புக்கு உறைக்காது. ஏசியின் சல்லடையை மாதம் ஒரு முறை கழுவுங்கள். வெயில் படும் ஜன்னலுக்குத் திரையை உள்ளே போடுவதைவிட வெளியே நிழல் கட்டுவது மேல், கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலை உள்திரை பாதிதான் தடுக்கும்.

மின்விசிறியைச் சின்னது என்று ஒதுக்காதீர்கள், அது ஓடும் மணி நேரம் அதிகம். பழைய வகைக் கூரை மின்விசிறி முழு வேகத்தில் 75 வாட் அளவுக்கு இழுக்கும், பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் வைத்தது 30 வாட் அளவில். நாளுக்கு 12 மணி நேரம் என்றால் ஒரு விசிறிக்கு மாதம் 16 யூனிட் வித்தியாசம். சுற்றும்போது சூடாகும் பெரிய பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதை மட்டுமாவது உடனே மாற்றுங்கள், வேகத்தைக் குறைத்தாலும் அது மீதியைச் சூடாக எரித்துவிடும்.

ஃப்ரிட்ஜ்: உள்ளே 4 டிகிரி, உறைபெட்டி மைனஸ் 18, அதற்குக் கீழே வேண்டாம். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது. பின்பக்கம் காற்றுப் போக இடம் விடுங்கள். உங்கள் 24 மணி நேர அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்றால் மட்டும் புதிதாக வாங்குவதைப் பற்றி யோசியுங்கள், பழையது என்பதற்காகவே நன்றாக ஓடும் பொருளைத் தூக்கிப்போட வேண்டாம்.

படி 7: தண்ணீரில் மீதி

ஃப்ளஷ் ஒவ்வொரு முறையும் எவ்வளவு எடுக்கிறது என்று டேங்கின் அளவை வைத்துக் கணக்கிடுங்கள். பழைய டேங்குகள் 10, 13 லிட்டர் வரை கொட்டும், இப்போதையவை ஆறு அல்லது அதற்கும் குறைவு. 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் கடைக்கு வந்த, குறைவாக ஒன்றும் முழுதாக ஒன்றும் தண்ணீர் விடும் இரட்டைப் பொத்தான் முறை இப்போது எங்கும் கிடைக்கிறது. டேங்குக்குள் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வைப்பது பழைய பெரிய டேங்குக்குச் சரி, ஆனால் அதன் பிறகு இரண்டு முறை ஃப்ளஷ் செய்ய வேண்டி வந்தால் எடுத்துவிடுங்கள். செங்கல் போடாதீர்கள், கரைந்து ரப்பரில் மண் சிக்கும்.

பாத்திரம் கழுவும் இடத்துக் குழாய் முனையில் காற்றைக் கலந்து விடும் சல்லடை ஒன்று மாட்டலாம், இருந்தால் மாதத்துக்கு ஒரு முறை உப்புப் படிவைத் தேய்த்து எடுங்கள். ஆர்ஓ சுத்திகரிப்பான் இருந்தால் அதன் கழிவுக் குழாயை ஒரு வாளியில் விட்டு, ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்று அளங்கள், தரை துடைக்கவும் கழிவறைக்கும் அது போதும். துணி அலசிய கடைசித் தண்ணீர் செடிகளுக்கு ஆகும், ஆனால் பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு ஊற்றாதீர்கள், ஒரு நாளுக்கு மேல் தேக்கியும் வைக்காதீர்கள்.

மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றும் வீட்டில் இன்னொரு எண்ணையும் நோட்டில் சேருங்கள்: ஆயிரம் லிட்டர் ஏற்ற எத்தனை யூனிட். வேறு பெரிய பொருள் எதுவும் ஓடாத நேரத்தில் மோட்டார் போட்டு, கரண்ட் மீட்டரை முன்னும் பின்னும் பார்த்தால் தெரியும். இந்த எண் மாதா மாதம் ஏறிக்கொண்டே போனால் அடி வால்வு ஒழுகுகிறது, அல்லது உள்ளே சுழலும் சக்கரம் தேய்ந்துவிட்டது, அல்லது நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. மூன்றுமே முன்கூட்டித் தெரிய வேண்டிய விஷயங்கள்.

படி 8: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இங்கேதான் ஆர்வத்தில் எல்லாரும் தவறுகிறோம். ஷவர் முனை, ஃப்ளஷ், மின்விசிறி எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று ஒருபோதும் தெரியாது. ஒழுகலை உடனே அடைத்துவிடுங்கள், அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. மற்றவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். ஒரு நாள் எண் குறைந்தது, கூடியது என்பதை நம்பாதீர்கள், வாரச் சராசரியைப் பாருங்கள். ஆட்கள் வந்துபோகிற வீடு என்றால் வாரத்தில் மொத்தம் எத்தனை ஆள்-நாள் (ஒருவர் ஒரு நாள் இருந்தால் ஒன்று) என்று எண்ணி அதால் வகுங்கள்.

முதல் மாதத்துக்குப் பிறகு தினமும் எழுத வேண்டாம், வாரம் ஒரு நாள் போதும். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். நோட்டை எல்லாரும் பார்க்கிற இடத்தில் தொங்கவிடச் சொன்னது இதற்குத்தான்: நான் சொல்லிச் சொல்லி நடக்காதது, மகள் தானே எண்ணை எழுத ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் நடந்தது. "போன வாரத்தைவிட ஏன்ப்பா கூடியிருக்கு?" என்று அவளே கேட்டாள். தேடிப் பார்த்தால் மாடித் தொட்டியின் மிதவை சிக்கிக்கொண்டு, தண்ணீர் வழிந்து மழைநீர்க் குழாயில் போய்க்கொண்டிருந்தது. ஒரே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. முன்பு ஒரு வருடம் ஆனது.

ராத்திரிச் சோதனையை மட்டும், தண்ணீருக்கும் கரண்டுக்கும் சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி செய்யுங்கள். ரப்பர்கள் தேயும், புதுப்பெட்டி ஏதாவது பிளக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தேதிகளை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.